இலேசான சொற்களில் எழுதப் பழக்குவோம்

அன்புள்ள பெற்றோருக்கு,

பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரைக் கொப்பிகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் திருத்த வீட்டில் உங்கள் உதவி வேண்டும்.

'எனது ஊர்' என்று எழுதச் சொன்னால், மட்டக்களப்பு வாவிக்கரையில் வளரும் பிள்ளையும் "எழில் கொஞ்சும் இயற்கை அன்னையின் மடியில்" என்றுதான் தொடங்குகிறது. இந்த வசனம் எந்த ஊருக்கும் பொருந்தும். பிள்ளை தினமும் பார்க்கிற கல்லடிப் பாலமும் தோணியும் வீச்சுவலையும் அதில் இல்லை. பாடமாக்கிய வரி முடிந்ததும் பேனை நின்றுவிடுகிறது.

தமிழில் வினை பெரும்பாலும் வசனத்தின் கடைசியில் வரும். வசனம் நீள நீள, யாரைப் பற்றித் தொடங்கினோம் என்பதைப் பிள்ளை மறந்துவிடும். "மாணவர்கள் காலையில் சமூகமளித்துச் சிரமதானப் பணிகளை மேற்கொண்டு வளாகத்தைத் தூய்மைப்படுத்தி மகிழ்ச்சியடைந்தது" என்று முடிவது இதனால்தான். "நாங்கள் காலையில் வந்தோம். முற்றத்தைக் கூட்டினோம். குப்பையை அள்ளிக் குழியில் போட்டோம்" என்று எழுதும் பிள்ளைக்கு அந்தப் பிழை வராது. என்ன வேலை நடந்தது என்பதும் இதில்தான் தெரிகிறது. 'மேற்கொண்டு' என்ற சொல் கூட்டியதையும் அள்ளியதையும் மறைத்துவிட்டது.

பொருள் தெரியாத பெரிய சொல் இன்னும் மோசம். 'வைபவம்' என்றால் ஏதோவொரு நிகழ்ச்சி என்று நினைக்கும் பிள்ளை, அம்மம்மாவின் இறுதிச் சடங்கையும் வைபவம் என்று எழுதிவிடும்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். எழுதுமுன் வாயால் சொல்லச் சொல்லுங்கள். என்ன கண்டாய், ஆர் நின்றது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். "மழை பெஞ்சு வட்டைக்குள்ள வெள்ளம் வந்திற்று, மறுகா அப்பா வரம்ப வெட்டிவிட்டார்" என்று பிள்ளை சொல்லும். 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்றதற்காகச் சிரிக்கவோ அதட்டவோ வேண்டாம். பேச்சு வெட்கத்தில் அடங்கினால் எழுத்தும் வராது. பிறகு அதையே எழுதவிடுங்கள். "மழை பெய்து வட்டைக்குள் வெள்ளம் வந்தது. பிறகு அப்பா வரம்பை வெட்டிவிட்டார்." மாறியது சில சொற்களும் முடிவுகளும் மட்டுமே. வயல்வெளியைக் குறிக்கும் எங்கள் ஊர்ச் சொல்லான வட்டை வட்டையாகவே இருக்கட்டும். அதை 'விளைநிலப் பரப்பு' ஆக்கித் திருத்தாதீர்கள்.

எழுதியதை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வசனத்தை வெட்டலாம். தரம் 5 வரை ஒரு வசனத்துக்குப் பத்துச் சொல்லுக்குள் இருப்பது நல்லது. பிள்ளையால் பொருள் சொல்ல முடியாத சொல்லின் கீழ் பென்சிலால் கோடிட்டு, அந்த இடத்தில் தெரிந்த சொல்லைப் போடச் செய்யுங்கள். நீங்களே வசனம் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஆனால் பாடத்துக்குரிய கலைச்சொற்களில் கைவைக்கக் கூடாது. சுற்றளவு, பரப்பளவு, ஒளித்தொகுப்பு என்பவை ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு திட்டமான பொருள் உண்டு. மாற்றினால் விடையே மாறிவிடும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்ததும் தமிழில் அறிவியல் படிக்க இத்தகைய சொற்கள் தேவை என்பதால்தான். இவற்றைப் பொருளோடு படிக்கட்டும்.

லீவுக் கடிதத்தையும் இப்படியே எழுதலாம். "சுகவீனமுற்றிருந்தமையினால் சமூகமளிக்க முடியவில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகின்றேன்" என்ற வரியில் வகுப்பாசிரியருக்கு வேண்டிய விபரம் இல்லை. "மகளுக்குக் காய்ச்சல். திங்களும் செவ்வாயும் வரவில்லை. இன்னும் இரண்டு நாளைக்கு மருந்து கொடுக்க வேண்டும். விளையாட விடவேண்டாம்" என்று பெயரும் வகுப்பும் போட்டு எழுதுங்கள். அதை மரியாதைக் குறைவாக நாங்கள் எடுக்கமாட்டோம். கையெழுத்து இருந்தால் போதும்.

இப்படிக்கு,
அதிபர்
மட்டக்களப்பு