திங்கட்கிழமை கட்டத்துல 'முழு ஓய்வு'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மாரத்தான் ஓடப்போறவங்களுக்குன்னு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, நடுவுல கலர்ல ஏழு கட்டம், திங்கள்லேருந்து ஞாயிறு வரைக்கும் எந்த நாள் எவ்வளவு ஓடணும்னு. நல்ல விஷயம்தான், ஸ்போர்ட்ஸ் பக்கம்னாலே கிரிக்கெட்னு இருக்கற ஊர்ல இதுக்கு ஒரு பக்கம் குடுத்ததே பெருசு. ஆனா அதை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டு ரெண்டு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன், மூணாவது நாள் தாங்கல, அதான் எழுதறேன்.

எனக்கு 44 வயசு. ஒரு ஸ்கூல்ல அக்கவுன்ட்ஸ் பாக்கறேன், வீடு திருவான்மியூர், வீட்டுல மாமியாரையும் சேத்து அஞ்சு பேர். வர்ற ஜனவரி ஆரம்பத்துல நடக்கற சென்னை மாரத்தான் எனக்கு மூணாவது ஃபுல், அதாவது 42 கிலோமீட்டர் சொச்சம் முழு தூரமும். முதல் தடவை 5 மணி 48 நிமிஷம், அடுத்தது 5 மணி 11 நிமிஷம், இந்த தடவை 4 மணி 50 நிமிஷத்துல முடிக்கணும்னு ஆசை. எலைட் எல்லாம் கிடையாது, முன்னாடி ஓடறவங்க குளிச்சு சாப்ட்டு வீட்டுக்குப் போன அப்புறம் வந்து சேர்ற கும்பல்ல ஒருத்தி.

முதல்ல ஒரு தப்பை சொல்லிடறேன், ஏன்னா இதுல அவசரம் இருக்கு. "ரேஸுக்கு முந்தின வாரத்துல பயிற்சியை உச்சத்துக்கு கொண்டு போங்க"ன்னு போட்டிருக்கீங்க. தயவு செஞ்சு அதுக்கு ஒரு திருத்தம் போடுங்க. உச்ச வாரம்னு ஒண்ணு உண்டு, பயிற்சியிலயே அதிகமா ஓடற வாரம், ஆனா அது கடைசி வாரம் இல்ல, ரேஸுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே முடிஞ்சிடணும். அதுக்கப்புறம் குறைச்சுக்கிட்டே வரணும், எங்க ஆளுங்க அதை டேப்பர்னு சொல்லுவாங்க. 2007ல பழைய ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேத்து பாத்த ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல கிட்டத்தட்ட ரெண்டு வாரம், ஓடற தூரத்தை 41லேருந்து 60 சதவீதம் வரைக்கும் குறைச்சு, வேகத்தை மட்டும் குறைக்காம விட்டவங்களுக்குத்தான் நல்ல பலன்னு வந்திருக்கு. காரணம் ரொம்ப சிம்பிள், ஓடும்போது கால் தசை அடிவாங்குது, சேத்து வெச்ச சர்க்கரை தீருது, அதெல்லாம் சரியாகறது ஓடாத நேரத்துலயும் தூக்கத்துலயும்தான். கடைசி வாரத்துல போய் 30 கிலோமீட்டர் ஓடினா அந்த அசதியோடதான் ஸ்டார்ட்டிங் லைன்ல நிக்கணும். நான் முதல் வருஷம் அதைத்தான் பண்ணேன், யாரோ சொன்னாங்கன்னு முந்தின ஞாயிறு 30 ஓடினேன், நடுவுல வீட்டுல ஒரு விசேஷம் வேற, ரேஸ் அன்னிக்கு 29வது கிலோமீட்டர்ல கால் ரெண்டும் வேற யாரோடதோ மாதிரி ஆயிடுச்சு, மிச்சம் 13 கிலோமீட்டரையும் நடந்து அழுது முடிச்சேன்.

சரி, இப்போ என் உச்ச வாரத்துக்கு வரேன், மார்கழி பொறந்த வாரம்.

என் பிளான்ல செவ்வாய் 9, புதன் 8, வியாழன் 12, சனி 6, ஞாயிறு 30, மொத்தம் 65 கிலோமீட்டர். திங்களும் வெள்ளியும் ஓய்வு. உங்க கட்டத்துலயும் அதேதான், திங்கட்கிழமைக்கு நேரா பச்சை கலர்ல 'முழு ஓய்வு', பக்கத்துல ஒரு ஆளு சோபாவுல காலை நீட்டி உக்காந்திருக்கற படம். அந்த படத்தை பாத்து என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா.

என்னோட அந்த திங்கட்கிழமையை சொல்றேன். காலைல மோட்டார் ரிப்பேர். தெருவுல மெட்ரோ வாட்டர் லாரி வந்து நின்னுது, ரெண்டாவது மாடிக்கு எட்டு குடம் தூக்கினேன், பையன் நாலு தூக்கினான். அப்புறம் டிபன், மூணு டப்பா, மாமியாரை பிசியோதெரபிக்கு ஆட்டோல கூட்டிட்டு போய் விட்டது, ஸ்கூல்ல டெர்ம் ஃபீஸ் கட்ற கடைசி நாள், கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டே நாலு மணி வரைக்கும், சாயங்காலம் வந்து மாவு அரைச்சு எடுத்து வெச்சு பாத்திரம் கழுவி படுக்கும்போது மணி பத்தே முக்கால். வாட்ச்ல பாக்கறேன், பதினேழாயிரம் ஸ்டெப்ஸ். ஓய்வு நாள்ல. ஒரு கிலோமீட்டர் கூட ஓடல, அதனால பிளான் கணக்குல அது சைபர், ஆனா என் முட்டி அந்த கணக்கை ஒத்துக்குமா?

செவ்வா கிழமை இன்டர்வல், ஒரு கிலோமீட்டர் வேகமா, ரெண்டு நிமிஷம் மெதுவா, இப்படி அஞ்சு தடவை, பெசன்ட் நகர் பீச் ரோட்டுல. மத்த மாசத்துல நாலரை மணிக்கு வீட்டுலேருந்து தனியா எறங்க எனக்கு பயம், நாய் ஒரு பக்கம்னா பைக்ல வந்து ஸ்லோ பண்ணி பாத்துட்டு போற ஆளுங்க இன்னொரு பக்கம். ஆனா மார்கழில அப்படி இல்ல. எங்க தெருவுல நாலு மணிக்கே வாசல் தெளிக்கற சத்தம் கேக்கும், கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு, வீட்டுக்கு வீடு குனிஞ்சு கோலம் போடற பொம்பளைங்க. வருஷத்துல அந்த ஒரு மாசம்தான் விடியறதுக்கு முன்னாடி ரோட்டுல ஆம்பளைங்களை விட பொம்பளைங்க அதிகமா இருப்பாங்க. எனக்கு அதை விட பெரிய செக்யூரிட்டி கிடையாது. முக்கு வீட்டு பாட்டி மட்டும் தினமும் "கோலத்தை மிதிக்காம ஓடுடி"ன்னு ஒரு அதட்டல் போடுவாங்க, நானும் தாண்டி குதிச்சு போவேன், அதுவே ஒரு டிரில் மாதிரி ஆயிடுச்சு.

புதன் 8 போகவேண்டியது, மூணு கிலோமீட்டர் குறைச்சு அஞ்சோட திரும்பிட்டேன். தூக்கம் பத்தல, அவ்வளவுதான். எங்க ரன்னிங் குரூப்ல போட்டேன், உடனே ஒருத்தர் "டிசிப்ளின் முக்கியம் மேடம்"னு பதில் போடறார். அவர் நல்ல மனுஷன்தான், நல்லாவும் ஓடுவார், ஆனா அவர் ஓடிட்டு வீட்டுக்கு போனா டேபிள்ல இட்லி இருக்கும். உங்க கட்டுரையிலயும் அதே வார்த்தை மூணு இடத்துல வந்திருக்கு, ஒழுக்கம் இருந்தா யாரும் ஓடலாம்னு. நாலு மணிக்கு எழுந்து குக்கர் வெச்சிட்டு ஷூ மாட்டறவளுக்கு அதை இன்னொரு தடவை சொல்லித்தரணுமா சொல்லுங்க.

வியாழன் 12, அதுல நடுவுல 8 கிலோமீட்டர் ரேஸ் அன்னிக்கு ஓடப்போற அதே வேகத்துல, அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 50 செகண்ட். நல்லா போச்சு. வெள்ளி மறுபடி பச்சைக் கட்டம், வீடு கழுவற நாள், சொல்லவே வேண்டாம். சனி 6, மழையில நனைஞ்சுகிட்டே.

ஞாயிறு 30. இதை கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா உங்க கட்டுரையில தண்ணியை பத்தி எழுதினது எனக்கு ரொம்ப உறுத்துச்சு.

3.40க்கு கிளம்பினோம், நானும் இன்னும் ரெண்டு பேரும். பெசன்ட் நகர் பீச்ல ஆறு கிலோமீட்டர் சுத்திட்டு, அடையாறு பாலம், சாந்தோம், லைட்ஹவுஸ், மெரினா ஓரமா நேப்பியர் பாலம் வரைக்கும் போய் திரும்பறது. டிசம்பர்னு பேரு, குளிர்னு நினைக்காதீங்க, கடல் ஓரத்து காத்துல ஈரம் அவ்வளவு இருக்கும், வேர்வை ஆவியாகாம டிரெஸ்ல அப்படியே சொட்டும், ஷூ சளக் சளக்னு சத்தம் போடும். கைல பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்பு போட்ட எலுமிச்சை தண்ணி. ஓடும்போது சக்திக்கு உறிஞ்சற பாக்கெட் ஜெல் விக்கற விலைக்கு எனக்கு கடலை மிட்டாயே போதும், ஆனா 25க்கு மேல மெல்ல முடியாது, வாய் காஞ்சு போயிடும், அதையும் சொல்லிடறேன். 16வது கிலோமீட்டர் வாக்குல லைட்ஹவுஸ்கிட்ட என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல தண்ணி பாட்டிலோட நின்னாரு, அந்த நேரத்துக்கு அவர் எழுந்து வந்ததே பெருசு, அதை நான் குறைச்சு சொல்லக்கூடாது.

"முடிஞ்ச அளவுக்கு நிறைய தண்ணி குடிங்க"ன்னு எழுதியிருக்கீங்க. அது ரெண்டு விதத்துல தப்பு. ஒண்ணு, நாலு அஞ்சு மணி நேரம் ஓடற எங்களை மாதிரி மெதுவான ஆளுங்க வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம், அதாவது உப்புச் சத்து, இறங்கிடும். 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேருக்கு ரத்தம் எடுத்து பாத்தாங்க, 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவா இருந்துச்சு, ரேஸ் நடுவுல எடை கூடினவங்களுக்குத்தான் அது அதிகம். அதனால தாகத்துக்கு குடிக்கணும், கூட உப்பு வேணும்.

ரெண்டாவது இன்னும் சாதாரண விஷயம், ஆனா எழுதினவருக்கு தோணியே இருக்காது. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். விடிகாலைல அந்த ரூட்டு முழுக்க நான் பாத்த கழிப்பிடம் எல்லாம் பூட்டு. ஆம்பளைங்களுக்கு மரம் இருக்கு சுவர் இருக்கு. நாங்க மூணு பேரும் 18 கிலோமீட்டர் வரைக்கும் தண்ணியை அளந்து அளந்து, தாகம் எடுத்தாலும் ஒரு வாய், அவ்வளவுதான், அப்புறம் ஒரு பெட்ரோல் பங்க்ல ராத்திரி டூட்டி தம்பி தூங்கிட்டிருந்தவன் எழுந்து சாவி குடுத்தான். "அக்கா எங்கேர்ந்து ஓடி வர்றீங்க"ன்னான், திருவான்மியூர்னோம், "ஏன்?"னான். அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. ஆனா அதுக்கப்புறம்தான் மூணு பேரும் ஒழுங்கா தண்ணி குடிச்சோம்.

7.25க்கு முடிச்சேன், கடைசி நாலு கிலோமீட்டர் வலது தொடை பின்பக்கம் இழுத்துச்சு, ஆனா நிக்கல. வீட்டுக்கு வந்தா நாத்தனார் குடும்பம் மத்தியானம் சாப்பிட வராங்க, முன்னாடியே தெரியும், சொல்லி நிறுத்தியிருக்கலாம், சொல்லல, அது என் தப்புதான். வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு ரோஸ்ட், அப்பளம், பாயசம், ரெண்டரை மணி வரைக்கும் அடுப்புகிட்ட நின்னேன். லாங் ரன் முடிஞ்ச உடனே சாப்பிடணும், காலை தூக்கி வெச்சு படுக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் சாப்பிட்டது பதினொண்ணரைக்கு, நின்னுக்கிட்டே, நேத்து வெச்ச தோசை ரெண்டு. வாட்ச்ல அந்த வார தூக்கத்தோட சராசரி 5 மணி 10 நிமிஷம்.

ஆக நான் ஓடினது 62. பிளான்ல மூணு குறைஞ்சுது. ஆனா அந்த வாரம் என் கால் தாங்கின பாரம் 62 மட்டுமா? இதைத்தான் நான் உங்க கட்டத்துல தேடினேன். ஓட்டத்தை மட்டும் எண்ணி, மிச்ச நேரமெல்லாம் ஓய்வுன்னு எடுத்துக்கற கணக்கு அது. சமைக்கறதுக்கு வீட்டுல வேற ஆள் இருக்கறவங்களுக்கு அது சரியா வரும். பொம்பளைங்கன்னு மட்டும் இல்ல, எங்க குரூப்ல நைட் டூட்டி செக்யூரிட்டி ஒருத்தர் இருக்கார், பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு நேரா ஓட வருவார், அவருக்கும் உங்க திங்கட்கிழமை கிடையாது.

ஒரு காலத்துல பொம்பளைங்க இவ்வளவு தூரம் ஓடினா உடம்பு தாங்காதுன்னே முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க. 1896லேருந்து ஆம்பளைங்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் இருக்கு, பொம்பளைங்களுக்கு 1984ல லாஸ் ஏஞ்சலஸ்லதான் முதல் தடவை. 1967 பாஸ்டன் மாரத்தான்ல நம்பர் குத்திக்கிட்டு ஓடின கேத்ரின் ஸ்விட்சர்ங்கற பொண்ணோட நம்பரை பிடுங்க ஒரு அதிகாரி ரோட்டுல துரத்தினார், அந்த போட்டோ எல்லாரும் பாத்திருப்பீங்க. வயநாட்டுல பொறந்த ஓ.பி.ஜெய்ஷா 2015ல பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப் மாரத்தானை 2 மணி 34 நிமிஷம் 43 செகண்ட்ல ஓடி முடிச்சாங்க. உடம்பு தாங்குமான்னு இப்போ யாரும் கேக்கறதில்ல. ஓடிட்டு வந்து அதே உடம்பு என்ன பண்ணுதுன்னும் யாரும் கேக்கறதில்ல.

நான் ஒண்ணும் அழுதுக்கிட்டு இல்ல, ஓடறது எனக்கு பிடிச்சிருக்கு, அந்த ரெண்டு மணி நேரம்தான் யாரும் என்னை "அது எங்க இருக்கு"ன்னு கேக்காத நேரம். அந்த ஞாயிறு ராத்திரி வாட்சை கழட்டி வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன், பதினேழாயிரத்தையும் தூக்கத்தையும். ரொம்ப நேரம் பாத்தார். இந்த திங்கட்கிழமை டிபன் அவர் பண்ணாரு, தோசை எதுவும் வட்டமா வரல, பையன் ஒண்ணுக்கு ஸ்ரீலங்கான்னு பேர் வெச்சான். நான் ஆறரை மணி வரைக்கும் தூங்கினேன்.

உங்ககிட்ட கேக்கறது ரெண்டுதான். அடுத்த தடவை கட்டம் போட்டா எட்டாவதா ஒண்ணு காலியா விடுங்க, அந்த வாரம் வீட்டுலயும் வேலையிலயும் என்ன இருக்குன்னு அவங்கவங்க எழுதிக்கட்டும், அதை பாத்து கிலோமீட்டரை குறைச்சுக்கட்டும். இன்னொண்ணு அந்த கடைசி வார திருத்தம். அது வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள வரணும், அதுக்கு மறு ஞாயிறு ரேஸ், அன்னிக்கு பேப்பர் வீட்டுக்கு வர்றப்போ நாங்க ரோட்டுல இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவான்மியூர், சென்னை