பாட்டியின் அறை யாருக்குப் போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாலை நேர நெடுந்தொடர் ஒன்றில் பாட்டி பாத்திரம் இறந்ததைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் இரு வாசகர்கள் எழுதியிருந்த கடிதங்களைப் படித்தேன். ஒருவர், அந்தக் காட்சிகளைப் பார்த்த இரவு தம் வீட்டில் எவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். மற்றவர், ஆறு நாள்கள் அழுகையை மட்டுமே ஒளிபரப்பியது மிகையின் உச்சம் என்றும் கண்ணீரைப் பிழிந்தெடுக்கும் வியாபாரம் என்றும் கண்டிக்கிறார். அந்தத் தொடரை மூன்று ஆண்டுகளாக விடாமல் பார்த்துவருபவன் நான்; அந்த ஆறு நாள்களில் இரண்டு நாள் அழுதவனும்கூட. ஆகவே இருவர் சொல்வதும் எனக்கு விளங்குகிறது. ஆனால் மிகை எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பதில் இருவரோடும் உடன்பட என்னால் இயலவில்லை.

ஆறு நாள் அழுகை என்று சொல்லும்போது பெரிதாகத்தான் தெரிகிறது. விளம்பரங்களும் முந்தைய நாள் கதைச் சுருக்கமும் பெயர் வரிசையும் போக, அரை மணி நேரத்தில் கதைக்கு எஞ்சுவது இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆறு நாளையும் கூட்டினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். மூன்று ஆண்டுகள் நாள் தவறாமல் நம் கூடத்துக்கு வந்துபோன ஒரு மனுஷிக்கு இரண்டு மணி நேர அழுகை அதிகப்படி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழவு வீட்டு அழுகை உண்மையிலேயே நீளமானது, சொன்னதையே சொல்வது, அடங்கிப்போய், புதிதாக ஒருவர் வாசலில் வந்து நின்றதும் மறுபடி எழுவது. ஒப்பாரியின் கட்டுமானமே அப்படித் திரும்பி வருவதில்தான் இருக்கிறது. நீளத்தை வைத்துக் குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒப்பாரியைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கும்.

குறைகள் அந்த ஆறு நாளுக்குள்ளும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. செய்தி கேட்ட இளைய மகனின் கையிலிருந்து தம்ளர் விழுந்ததை மூன்று கோணங்களில் மெதுவாக விழவைத்தார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் முகத்துக்கும் கேமரா தனித்தனியே பாய்ந்து போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தது. எங்கே அழ வேண்டும் என்பதை நமக்கு முன்பே வயலின் முடிவுசெய்து வைத்திருந்தது. இவையெல்லாம் தெரிந்த நோய்கள்தாம். ஆனால் நான் அழுதது அந்த இடங்களில் அல்ல. நான்காம் நாள், மூத்த மருமகள் சமையலறைக்குள் போகிறார். இரத்தக் கொதிப்புள்ள மாமியாருக்காக உப்பில்லாமல் தனியாக எடுத்துவைத்திருந்த குழம்பு, மேடையில் அப்படியே இருக்கிறது. மூடியைத் திறந்து பார்க்கிறார், மறுபடி மூடுகிறார், வெளியே வந்துவிடுகிறார். வசனம் இல்லை, இசை இல்லை, பத்து விநாடிகூட இராது. மூன்று ஆண்டுகளாக மாமியாரோடு ஓயாமல் மல்லுக்கு நின்ற மருமகள் அவர். இதை எழுதியவருக்குத் துக்கம் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

அந்த நம்பிக்கை இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. பாட்டி இறந்த பிறகு வந்த பத்தாம் பகுதியில் அவருடைய அறை இரண்டாவது பேரனுக்கும் அவன் மனைவிக்கும் போனது. கட்டிலை யார் நகர்த்தினார்கள், அலமாரியில் இருந்த புடவைகளை யார் எடுத்தார்கள், அந்த அறைக்குள் முதல் இரவு படுத்தவர்களுக்குத் தூக்கம் வந்ததா என்று எதுவுமே இல்லை. திரை விலகியது, புதுத் தம்பதி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சமையலறைக் காட்சி இல்லாத நாளே அந்தத் தொடரில் கிடையாது; ஆனால் உப்பில்லாத குழம்பு என்ற ஒன்று அந்த வீட்டில் எப்போதாவது இருந்ததற்கான தடயம் பிறகு எங்கும் வரவில்லை. மிகை என்று நான் சொல்வது இதைத்தான். ஆறு நாள் பெருந்தொகைக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் கணக்கில் பணமே இல்லை என்று கைவிரிப்பதைப் போன்றது இது. கணக்கில் பணம் இருந்திருந்தால் அந்தத் தொகை எனக்கு மிகையாகப் பட்டிருக்காது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்களை நான்காகப் பகுக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றுள் இழவு என்பது உற்றாரையும் உரியதையும் இழப்பது. அசைவு என்பதற்கு, பேராசிரியர் என்ற பெயர் கொண்ட பழைய உரையாசிரியர், பண்டைய நிலைமை கெட்டு வேறொருவாறாகி வருந்துதல் என்ற கருத்தில் உரை சொல்கிறார். இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணியிருப்பதில் இருக்கும் நுட்பத்தைப் பள்ளியில் படித்தபோது நான் உணரவில்லை. இழவு ஒரு நாளில் நிகழ்ந்துவிடுகிறது. அசைவோ அந்த நாளில் தொடங்கி, அன்றாடத்தின் மூலை முடுக்குகளுக்குள் புகுந்து, மாதக்கணக்கில் நீள்வது. நம் தொடர்கள் இழவை மட்டும் எடுத்துக்கொண்டு அசைவை விட்டுவிடுகின்றன.

இதைச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. என் தந்தையாருக்குக் காது மந்தம். தொலைக்காட்சியின் ஒலியளவை 38இல் வைத்துத்தான் செய்தி கேட்பார், நாங்கள் அதற்காக அவரோடு தினமும் சண்டை போடுவோம். அவர் மறைந்த அன்றும் அதற்கடுத்த நாள்களிலும், வருவோர் போவோரைக் கவனிப்பதிலேயே எனக்கு நேரம் போயிற்று. அழுத நினைவு அதிகம் இல்லை. மூன்று வாரம் கழித்து, அதுவரை அணைத்தே கிடந்த பெட்டியைப் பிள்ளைகள் யாரோ போட்டார்கள். 38இல் அலறியது. சத்தத்தைக் குறைக்க வீட்டில் ஒருவருக்கும் கை வரவில்லை.

இத்தகைய ஒரு கணத்தைத் தொலைக்காட்சித் தொடரில் எதிர்பார்ப்பது பேராசை என்று சொல்பவர்களுக்கு, குழந்தைகளுக்கான நிகழ்ச்சி ஒன்றே அதைச் செய்து காட்டியிருக்கிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியில் ஹூப்பர் என்ற கடைக்காரராக, 1969இல் தொடங்கிய நாளிலிருந்து நடித்துவந்த வில் லீ, 1982 டிசம்பரில் இறந்தார். வேறொருவரை அதே வேடத்தில் நடிக்கவைத்திருக்கலாம்; ஓய்வுபெற்று வெளியூர் போய்விட்டார் என்றும் சொல்லியிருக்கலாம். அவர்களோ குழந்தை உளவியல் அறிந்தவர்களைக் கலந்துகொண்டு, ஹூப்பர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் பகுதியை உருவாக்கி, 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பினார்கள். ஹூப்பரின் பெயரை எப்போதும் தப்பாகவே உச்சரிக்கும் பெரிய மஞ்சள் பறவைப் பாத்திரம், தான் வரைந்த படங்களை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஹூப்பரின் படத்தை அவரிடம் கொடுக்க அவரைத் தேடுகிறது. பெரியவர்கள் விளக்குகிறார்கள். கடைசியிலும் அது பெயரைத் தப்பாகவே சொல்கிறது. ஹூப்பர் வழக்கமாகத் திருத்துவதைப் போல இப்போது மற்றவர்கள் திருத்துகிறார்கள். இவ்வளவும் ஒரே பகுதிதான். ஆனால் அந்தப் படம் பறவையின் கூட்டருகே மாட்டப்பட்டு, பிறகு பல ஆண்டுகள் அங்கேயே இருந்தது. அதைப் பற்றி நாள்தோறும் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

நம் தொடர்களிலும் படம் மாட்டுகிறார்களே என்று கேட்கலாம். மாட்டுகிறார்கள். மாலை போட்ட அந்தப் படத்தின் முன்னால் நின்று, கதைநாயகி அடுத்த வாரத் திட்டத்தை வாய்விட்டுச் சொல்கிறார். படத்திலிருந்து பூ ஒன்று விழுந்து சம்மதம் தெரிவிக்கிறது. இறந்தவரை இப்படித் தொடர்ந்து பணியில் வைத்திருப்பதை நினைவுகூர்தல் என்று என்னால் கருத முடியவில்லை.

சுருக்கமாகச் சொல்வதாலேயே ஒரு மரணம் உயர்ந்துவிடும் என்பதும் என் வாதம் அன்று. கொரியப் போர்க்கள மருத்துவமனையை வைத்து எடுக்கப்பட்ட ‘மேஷ்’ தொடரில், பணி முடிந்து வீடு திரும்பும் தளபதி ஹென்றி பிளேக்கின் விமானம் ஜப்பான் கடல்மீது சுட்டுவீழ்த்தப்பட்டது என்ற செய்தி, 1975 மார்ச்சில் ஒளிபரப்பான ஒரு பகுதியின் கடைசிக் காட்சியில் வருகிறது. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் ஓர் உதவியாளர் நின்றபடி அதைப் படிக்கிறார். மரணத்தைக் காட்டவே இல்லை. ஒரு கருவி தரையில் விழும் ஓசை கேட்கிறது. படப்பிடிப்பில் தற்செயலாக நிகழ்ந்ததாம் அது, அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியில் என்னை உலுக்குவது அதன் சுருக்கம் மட்டும் அல்ல. செய்தி கேட்ட மருத்துவர்கள் மேசையில் கிடப்பவனின் காயத்தைத் தைப்பதை நிறுத்த முடியாது. அழுதுகொண்டே தைக்க வேண்டும். இறந்தவர் இல்லாத மறுநாள், அந்த அறையில் அந்த நிமிடமே தொடங்கிவிடுகிறது. அப்போதும் நகைச்சுவைத் தொடரில் இப்படியா செய்வது என்று பார்வையாளர்கள் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். என்னைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள் போலும்.

பார்வையாளர்களாகிய நம்மிடமும் தவறு இருக்கிறது. இந்தித் தொடர் ‘கியூன்கி சாஸ் பீ கபி பஹு தீ’யில் மிஹிர் இறந்ததாகக் காட்டப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பில் அந்தப் பாத்திரத்தை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் ‘டாலஸ்’ தொடரில் 1985இல் இறந்த பாபி, மறு ஆண்டு குளியலறையிலிருந்து ஒன்றும் நடக்காததுபோல் வெளிவந்தார். இடைப்பட்ட ஓராண்டுக் கதை முழுவதும் அவருடைய முன்னாள் மனைவி கண்ட கனவாகிவிட்டது. செத்தவர் திரும்பி வருவார் என்று ஒருமுறை பழக்கிவிட்டால், அடுத்த சாவு வீட்டுக்கு நாம் பாதி மனத்தோடுதான் போவோம். அந்தப் பாதியை ஈடுகட்டத்தான் வயலினும் மூன்று கோணத் தம்ளரும் தேவைப்படுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான நிலை ஒன்றையும் நாம் பார்த்தோம். ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று திடீரென மறைந்தார். பாத்திரம் சாகவில்லை; எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அதை ஏற்று நடித்தார். தயாரிப்பாளர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன், புதியவர் மீதும் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த வாரங்களில், கதைக்குள் இருந்த எவரும் அறியாத ஒரு வெற்றிடம் பார்த்துக்கொண்டிருந்த நம் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. வீட்டையே அடக்கி ஆண்ட ஒரு கொடுமைக்காரப் பாத்திரத்தின் பழைய நாற்காலியைப் பார்த்து என் வீட்டில் பெருமூச்சு விட்டவர்கள், அதே தொடரில் அவரைத் திட்டித் தீர்த்தவர்கள்தாம். யாரும் அழவைக்க முயலாமலேயே அந்தத் துயரம் வந்தது.

தொடரை எடுப்பவர்களின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. சாவுக் காட்சி வரும் வாரம் டி.ஆர்.பி. ஏறும் என்று எதிர்பார்க்கிறார்கள். முன்னோட்டத்தில் போட அழும் முகம் கிடைக்கிறது. ஆனால் இல்லாத ஒருவரை முன்னோட்டத்தில் காட்ட முடியாது. நடிகரின் கால்ஷீட் முடிந்துவிட்டது, எழுதுபவர்களுக்கு நாளைய காட்சியே இன்று இரவுதான் வருகிறது, கதை நகர வேண்டும். நகரட்டும். நான் கேட்பது இன்னொரு ஆறு நாள் அழுகையை அல்ல. அறையைப் பேரனுக்குக் கொடுக்கும் நாளில் மூத்த மருமகள் வாசற்படியில் ஒரு கணம் தயங்கி நிற்கலாம். குழம்புக்கு உப்புப் போடும்போது கை பழக்கத்தில் ஒரு கரண்டியைத் தனியே எடுத்துவைக்கப் போய் நின்றுவிடலாம். சண்டையை நிறுத்தாமலேயே, கதையைத் தடுக்காமலேயே, பத்து விநாடியில் முடிகிற வேலை இது. நான்காம் நாள் காட்சியை எழுதிய அதே கைக்கு இது கடினமாக இராது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். சின்னத்திரைப் பக்கத்தில் இத்தகைய மரணக் காட்சிகளுக்கான மதிப்புரை பெரும்பாலும் ஒளிபரப்பான அதே வாரத்தில் வெளியாகிறது; நடிப்பு உருக்கமா, ஒப்பனை பொருத்தமா என்பதற்கு மேல் அந்த நேரத்தில் யாராலும் எதையும் சொல்ல இயலாது. ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ பொறுத்து, அந்த வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதும்படி தங்கள் விமர்சகரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பாட்டி இறந்து நேற்றோடு 25 நாள்கள் ஆகின்றன. நேற்றைய பகுதியிலும் சமையலறைக் காட்சி வந்தது. மூத்த மருமகள் யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டே தாளித்துக்கொண்டிருந்தார். இன்று மாலையும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்