பாதியில் நிறுத்தியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவ இணைப்பில், மலேரியா மருந்துகள் பலனிழந்து வருவதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் கூலித் தொழிலாளிகள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரி எனக்குப் பொறுக்கவில்லை. கே.ஆர்.பி. அணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வக நுட்புநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ரத்தம் தடவிய மலேரியா ஸ்லைடு பார்த்தே காலம் போனது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கிரானைட் பட்டறையில் வேலை பார்த்த ஒடிசா பையன் ஒருவனை மேஸ்திரி எங்களிடம் அழைத்து வந்தார். உட்காரக்கூட முடியாத காய்ச்சல். ரத்தத் தடவலில் ஃபால்சிபாரம், உயிருக்கே ஆபத்தான மலேரியா வகை. விசாரித்தால், சில வாரங்களுக்கு முன்பே இதே காய்ச்சலுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் ஆர்ட்டீதர் ஊசி போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டது. "சரியாயிடுச்சு, வேலைக்குப் போகலாம்னு சொன்னாங்க மேடம்" என்றார் மேஸ்திரி. மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை. கையில் ஒரு சீட்டுகூட இல்லை. ஆசிரியர் அவர்களே, இதில் மருந்தைப் பாதியில் நிறுத்தியது அந்தப் பையனா?

தாங்கள் அறியாததல்ல. ஆர்ட்டீதர் போன்ற ஆர்ட்டிமிசினின் வகை மருந்து மலேரியா ஒட்டுண்ணியை வேகமாகக் கொல்லும், ஆனால் சில மணி நேரத்திலேயே உடலை விட்டுப் போய்விடும். மிச்சமிருப்பதை அழிக்கக் கூடவே இன்னொரு மருந்து வேண்டும். அதனால்தான் மூன்று நாள் கூட்டு மருந்து. அரசு கொடுக்கும் அட்டை வயதுக்கொரு நிறத்தில் வரும், பெரியவர்களுக்கு வெள்ளை. ஆர்ட்டிமிசினின் மாத்திரையைத் தனியாக விற்கக் கூடாதென்று 2009-லேயே தடை வந்துவிட்டது. ஊசி, நோய் முற்றியவர்களுக்கு. அதைப் போட்டாலும் பிறகு கூட்டு மாத்திரையை முழுதாகக் கொடுத்தாக வேண்டும். ஊசியை மட்டும் போட்டு அனுப்பினால், அந்த மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் ஒட்டுண்ணிதான் மிஞ்சிப் பெருகும். நோயாளிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவர்களைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

கட்டுரையில் கம்போடியாவைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கே பைலின் பகுதியில் 1960-களின் தொடக்கத்தில் சமையல் உப்பில் மலேரியா மருந்தைக் கலந்து ஊருக்கே கொடுத்தார்கள். நோய் உள்ளவர், இல்லாதவர் எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மருந்து. பழைய மலேரியா மருந்தான குளோரோகுவினுக்கு அடங்காத ஒட்டுண்ணி அந்தப் பக்கத்தில் பரவியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பிற்பாடு ஆர்ட்டிமிசினினுக்கும் ஒட்டுண்ணி தாமதமாகவே சாகிறது என்று கண்டதும் அதே பைலினில்தான். உப்பில் கலந்தது கூலிக்காரர்களா? நம் நாட்டிலும், காய்ச்சல் என்றாலே பெரியவர்களுக்கு நான்கு குளோரோகுவின் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் ஸ்லைடு பார்ப்பதுதான் பல காலம் திட்டமாக இருந்தது. அசாமின் கார்பி ஆங்லாங்கில் குளோரோகுவினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் கண்டறியப்பட்டது 1973-இல். அதற்குப் பிறகும் அந்த நான்கு மாத்திரை தொடர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனதில் பல நாளாகக் கிடக்கிறது. எங்கள் பக்கத்து விவசாயப் பெண்மணி ஒருவருக்கு ஒரே வருடத்தில் மறுபடி மறுபடி குளிர் காய்ச்சல். மருந்துக்கு அடங்காத மலேரியா என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆட்டை விற்றுப் பெங்களூருக்குப் போனார். தங்கள் நாளிதழும் அப்போது அந்த ஊரில் மர்மக் காய்ச்சல் என்று செய்தி போட்டது. ரத்தத் தடவலில் என்ன வந்தது என்று தங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வந்தது வைவாக்ஸ், மலேரியாவின் இன்னொரு வகை. அது கல்லீரலில் ஒளிந்திருந்து மீண்டும் வரும். குளோரோகுவின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். வைவாக்ஸுக்கு இன்றும் நம் நாட்டில் அதுதான் மருந்து. கல்லீரலில் இருப்பதற்கு 14 நாள் பிரைமாகுவின் வேண்டும். அதை அவருக்கு யாரும் கொடுக்கவே இல்லை. அவர் உடம்பில் இருந்த கிருமி எந்த மருந்தையும் எதிர்க்கவில்லை, ஐயா. அன்றே தங்களுக்கு எழுதினேன். பிரசுரிக்கவில்லை. ஒரு பதில் அட்டைகூட வரவில்லை.

வட மாநிலத் தொழிலாளிகள் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று மட்டும் தவறாமல் எழுதுகிறீர்கள். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கம் ஃபால்சிபாரம் அதிகம் என்பது உண்மை. ஓசூரில் கட்டடம் கட்ட அவர்கள் வேண்டும். அவர்கள் தங்கும் தகரக் கொட்டகைக்குக் கொசுவலை உண்டா, மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியை யாராவது பார்த்தார்களா என்று தங்கள் நாளிதழில் நான் படித்ததில்லை. ஆற்றில் மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் தேங்கி மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுவின் புழு நெளிவதைப் பற்றியும் படித்ததில்லை. முன்பெல்லாம் பதினைந்து நாளுக்கொரு முறை சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்து காய்ச்சல் விசாரிப்பார். இப்போது எங்கள் தெருவில் அப்படி யாரும் வந்து பார்க்கவில்லை. 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதாகத் திட்டம் இருக்கிறது. ஸ்லைடு எடுக்க ஆள் வேண்டாமா?

மலேரியா கட்டுரைக்குப் போட்டிருந்த படமும் டெங்கு கொசு. காலில் வெள்ளை வரி தெரிகிறது.

நான் கேட்பது பெரிதல்ல. மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறை ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள்:

குளிருடன் காய்ச்சல் வந்தால் அரசு சுகாதார நிலையத்தில் ரத்தத் தடவல் எடுக்கச் சொல்லுங்கள், கட்டணம் இல்லை. வைவாக்ஸா ஃபால்சிபாரமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வைவாக்ஸ் என்றால் 14 நாள் மாத்திரையும் உண்டா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது கூடாது. ஃபால்சிபாரம் என்றால் வெறும் ஊசியோடு வீட்டுக்கு வராதீர்கள், மூன்று நாள் கூட்டு மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

இடமில்லை என்று இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் மேலே எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள். இந்தப் பெட்டிச் செய்தியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்