நீச்சல்குளம் (பூல்) பச்சையாகிவிட்டதா? தண்ணீரை இறைக்காதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழை விட்ட மறுநாளிலிருந்து கடை போன் ஓயவில்லை. பேசுகிறவர் பனையூர்க்காரரோ கோவளத்துக்காரரோ, கேள்வி மட்டும் ஒன்றுதான்: “பூல் பச்சையாயிடுச்சு சார். மொத்தத் தண்ணியையும் இறைச்சுட்டுப் புதுசா விட்டுடலாமா?” ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

தயவுசெய்து இறைக்காதீர்கள். சென்னை ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரம் முழுக்க மணல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நிலத்தடி நீர் பல வீடுகளில் கையெட்டும் ஆழத்திலேயே நிற்கும். தொட்டிக்குள் தண்ணீர் இருக்கும்வரை அதன் எடை கீழே அழுத்திக்கொண்டிருக்கும். காலி செய்த நிமிடத்திலிருந்து வெளியே நிற்கும் தண்ணீர் தொட்டியை மேலே தள்ளத் தொடங்கும். தரை டைல்ஸ் உப்பிக் கிளம்பும், மூலையில் விரிசல் விடும்; ஃபைபர் தொட்டி என்றால் படகு மாதிரி எழும்பியே வந்துவிடும். இந்தச் செலவுக்கு முன்னால் மருந்துச் செலவெல்லாம் காபிக் காசு.

பச்சையானதற்குத் தண்ணீர் மேல் குற்றமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல வீடுகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை, குளோரின் போடவும் யாருமில்லை. 30 அடிக்கு 15 அடி பூலில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டருக்கு மேல் மழைத்தண்ணீர் சேர்கிறது. இருந்த குளோரினை அது நீர்க்க வைக்கும், இலையும் தூசியும் அதைத் தின்னும், மிச்சத்தை அடுத்த நாள் வெயில் முடிக்கும். குளோரின் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் பாசிக்கு ஓரிரு நாள் போதும்.

முதலில் ஒரு வேலை. நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் பூல் தண்ணீரைப் பிடித்து ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். கலங்கலாக, மோர் மாதிரி பச்சை என்றால் பாசி. பச்சையாக இருந்தும் பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தால் அது பாசி இல்லை, உலோகம். போர்த் தண்ணீரில் இரும்பு இருந்து அதன்மேல் குளோரின் பட்டால் தண்ணீர் பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே ஒரு நிறத்துக்குப் போகும். சந்தேகம் இருந்தால் ஒரு பக்கெட் போர்த் தண்ணீரில் அரை மூடி குளோரின் விட்டுப் பாருங்கள். டீத்தண்ணி மாதிரி ஆனால் இரும்புதான். அதற்கு மேலும் மேலும் குளோரின் கொட்டுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற கதை. எங்களைக் கூப்பிடுங்கள், அதற்கு வழி வேறு.

இன்னொரு உலோகம் நாமே போடுவது. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். தோட்டக்காரரோ வாட்ச்மேனோ “ஒரு கிலோ துத்தம் போட்டா பாசியே வராது” என்று வாங்கிவந்து கொட்டியிருப்பார். பாசியை அது கொல்லும், பொய் இல்லை. ஆனால் செம்பு ஆவியாகிப் போகாது, தண்ணீரிலேயே தங்கும். பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறும்போது சுவரில் நீலமும் கறுப்புமாகக் கறையாகப் படியும். நீந்திவிட்டு வரும் குழந்தையின் முடியில் பச்சை ஏறினால் எல்லோரும் குளோரினைத் திட்டுவார்கள், ஏற்றியது செம்பு. எங்கள் ஆட்கள் துத்தம் போடமாட்டார்கள். கேட்டு வற்புறுத்தவும் வேண்டாம்.

இப்போது பாசி என்றே வைத்துக்கொள்வோம். எந்த மருந்துக்கும் முன்னால் உங்கள் பூல் எத்தனை லிட்டர் என்று தெரியவேண்டும். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்குங்கள். 30-க்கு 15, சராசரி ஆழம் நாலரை அடி என்றால் சுமார் 57,000 லிட்டர். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இதுதான் வழக்கமான அளவு, கீழே சொல்லும் கணக்கெல்லாம் இதற்குத்தான். எண்ணைப் பம்ப் ரூம் கதவில் பெயின்டால் எழுதிவையுங்கள். ஆள் மாறினாலும் கதவு மாறாது.

அடுத்தது பி.எச். நம் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தாண்டிப்போகும் இடம் இது. குளோரின் தண்ணீரில் கரைந்ததும் இரண்டு வடிவமாகப் பிரிகிறது. கிருமியையும் பாசியையும் அடிப்பது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற ஒரு வடிவம்தான். மற்றது ஏறக்குறைய சும்மா நிற்கும். பி.எச். 7.5 இருந்தால் இரண்டும் பாதிக்குப் பாதி. 8-க்குப் போய்விட்டால் வேலைசெய்யும் பங்கு கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும். போட்டது நூறு ரூபாய் மருந்து, உழைப்பது இருபத்தைந்து ரூபாய்க்குக்கூட இல்லை. ஆகவே முதலில் பி.எச்.சை 7.2-க்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக ஆசிட் கொட்டவேண்டாம். அரை லிட்டரை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து, மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கம் சுற்றி ஊற்றுங்கள். சில மணி நேரம் கழித்து அளந்து, தேவைப்பட்டால் இன்னொரு அரை.

இதைக் குளோரின் ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். காரணம் டெஸ்ட் கிட்டில் இருக்கிறது. குளோரின் 10 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) மேல் போனால் பி.எச். பார்க்கும் சிவப்புச் சொட்டு கத்தரிப்பூ நிறத்துக்குத் தாவிவிடும். “ஐயோ, பி.எச். எகிறிடுச்சு” என்று நீங்கள் ஆசிட்டைக் கொட்டுவீர்கள். எகிறியிருக்காது.

அல்கலினிட்டி என்று ஒன்றைப் பில்லில் எழுதுகிறோமே, அது பி.எச்.சைப் பிடித்து நிறுத்தும் நங்கூரம். 80 முதல் 120 பிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. மழைத்தண்ணீரில் இது ஏறக்குறைய இல்லை, அதனால் பெருமழைக்குப் பிறகு இறங்கியிருக்கும். ஏற்றுவதற்கு வெளிநாட்டு டப்பா எதுவும் வேண்டாம், வீட்டில் இருக்கும் ஆப்பசோடாவேதான். 57,000 லிட்டருக்கு மூன்று கிலோ போட்டால் சுமார் 30 பிபிஎம் ஏறும். மளிகைக்கடையில் கிலோக் கணக்கில் கேட்டால் கல்யாண வீடா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். முழுக்கப் போர்த் தண்ணீர் விடும் வீடுகளில் கதை தலைகீழ்: அல்கலினிட்டியும் உப்பும் ஏற்கெனவே அதிகம். டைல்ஸ் ஓரம் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வீடுகளில் ப்ளீச்சிங் பவுடரைத் தொடாதீர்கள். அது சுண்ணாம்பையும் சேர்த்துக் கொண்டுவரும்.

பிறகுதான் குளோரின். பொழுது சாய்ந்தபின் போடுங்கள். காப்பு இல்லாத குளோரினில் பாதிக்கு மேல் நம் ஊர் உச்சிவெயிலில் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும். கணக்கு சுலபம்: 10 சதவீத லிக்விட் குளோரின் 1 லிட்டர், 1 லட்சம் லிட்டர் தண்ணீரில் 1 பிபிஎம் ஏற்றும். எத்தனை பிபிஎம் வேண்டும் என்பது வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் ஸ்டெபிலைசர் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த அளவில் 40 சதவீதம் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. ஸ்டெபிலைசர் 40 என்றால் குளோரின் 16-க்குப் போகவேண்டும், நம் 57,000 லிட்டருக்குச் சுமார் 9 லிட்டர். ஒருமுறை ஊற்றிவிட்டுத் தூங்கப்போனால் நடக்காது. பாசி அதைத் தின்று தீர்க்கும், காலையில் அளந்தால் மூன்றோ நான்கோ இருக்கும், மறுபடி 16-க்கு ஏற்றவேண்டும். சுவரையும் படிக்கட்டு இடுக்கையும் தினம் இரண்டுதடவை பிரஷ் போட்டுத் தேய்க்கவேண்டும். வழுவழுப்பின் அடியில் ஒளிந்திருக்கும் பாசிக்கு மருந்து எட்டாது. லிக்விட் கேனை வெயிலில் வைத்திருந்தீர்கள் என்றால் லேபிளில் போட்டிருக்கும் 10 சதவீதத்தை நம்பாதீர்கள். சூட்டில் அது வாரக்கணக்கிலேயே வலுவிழக்கும்.

இங்கே ஒரு ஏமாற்று. அளக்கும் மாத்திரையைக் குழாயில் போட்டதும் ஒரு நொடி ரோஸ் நிறம் மின்னி, உடனே வெள்ளைத் தண்ணீராகிவிட்டால் குளோரின் இல்லை என்று அர்த்தமில்லை. நிறத்தையே வெளுக்கும் அளவுக்கு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். போன வருடம் ஒரு வாட்ச்மேன் அண்ணன் “சுத்தமா இல்லைங்க, ஜீரோ காட்டுது” என்று மூன்று நாள் கேன் கேனாக ஊற்றியிருந்தார். ஒரு பங்கு பூல் தண்ணீருக்கு நாலு பங்கு குடிக்கிற கேன் தண்ணீர் கலந்து அளந்து, வருவதை ஐந்தால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும்.

இனி ஸ்டெபிலைசர். இதில் நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடவேண்டும்.

வெயிலில் குளோரின் கரையாமல் காப்பது சயனூரிக் அமிலம். 30 முதல் 50 வரை நல்லது. டேப்லெட் என்று நாம் மிதவையில் போடுகிறோமே, அந்த டி.சி.சி.ஏ. என்ற குளோரின் மருந்துக்குள் எடையில் பாதிக்கு மேல் இதுதான். 200 கிராம் டேப்லெட் ஒன்று 57,000 லிட்டரில் சுமார் 3 பிபிஎம் குளோரினும் 2 பிபிஎம் சயனூரிக்கும் போடுகிறது. குளோரின் செலவாகிவிடும். சயனூரிக் செலவாகாது, சேர்ந்துகொண்டே போகும். வாரம் மூன்று டேப்லெட் என்றால் மாதம் 25 ஏறுகிறது.

உத்தண்டியில் ஒரு வீடு. இரண்டு வருடம் டேப்லெட் மட்டும்தான் போட்டோம். அவர்களுக்கும் வசதி, எங்களுக்கும் வசதி. திடீரென்று பச்சை. குளோரின் அளந்தால் 3, புத்தகக் கணக்கில் குறையே இல்லை. குளோரினை ஒரேயடியாக ஏற்றும் ஷாக் போட்டோம், அசையவில்லை. மறுபடி போட்டோம். ஒரு வாரம் கழித்துத்தான் சயனூரிக்கை அளக்கவேண்டும் என்று எங்களுக்கே உறைத்தது. சயனூரிக் அளக்கும் மருந்து தண்ணீரைக் கலங்கவைக்கும்; அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் அதை ஊற்ற ஊற்றப் புள்ளி மறையும், சீக்கிரம் மறைந்தால் சயனூரிக் அதிகம். அன்று கால்வாசிகூட நிரம்பவில்லை, புள்ளி காணோம். பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பார்த்து, இரண்டால் பெருக்கியதில் கணக்கு 120-க்குப் போனது. அந்த நிலையில் 3 பிபிஎம் குளோரின் கட்டிப்போட்ட நாய் மாதிரி, இருக்கும், கடிக்காது. சயனூரிக்கைக் குறைக்க நடைமுறையில் தண்ணீர் மாற்றுவது ஒன்றுதான் வழி. அதுவும் மூன்றில் ஒரு பங்கு எடுத்து, நிரப்பி, ஒருநாள் ஓடவிட்டு, மறுபடி. 120 எண்பதாகும், பிறகு 53, பிறகு 36. ஒவ்வொரு தடவைக்கும் 12,000 லிட்டர் லாரி ஒன்றரை. அந்தச் செலவில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

அதனால் இந்த மாதம் முதல் வருடம் முழுக்க டேப்லெட் என்ற ஏற்பாட்டை நிறுத்துகிறோம். வாடிக்கை வேலைக்கு லிக்விட் குளோரின்தான். நீங்கள் ஊருக்குப் போகும் வாரங்களுக்கு மட்டும் டேப்லெட். மாதம் ஒருமுறை சயனூரிக் அளந்து பில்லிலேயே எழுதித் தருவோம். டேப்லெட்தான் வேண்டும் என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள், குழாயோடு காத்திருக்கிறோம்.

பாசி செத்தபின் தண்ணீர் பச்சை மாறிச் சாம்பல் கலந்த நீலமாக, கலங்கலாக நிற்கும். பலர் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். குளோரின் தன் வேலையை முடித்துவிட்டது, இனி ஃபில்டரின் வேலை. மோட்டாரை ராத்திரி பகலாக ஓடவிடுங்கள். பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவுவது) முடிந்ததும் பிரஷர் கேஜ் என்ன காட்டுகிறதோ அதைக் குறித்துவையுங்கள். அதிலிருந்து 8 அல்லது 10 பிஎஸ்ஐ ஏறினால் மறுபடி பேக்வாஷ். முதல் இரண்டு நாள் ஒரு நாளைக்கு மூன்று தடவைகூட வேண்டியிருக்கும். வால்வ் கைப்பிடியைத் திருப்பும் முன் மோட்டாரை நிறுத்துங்கள். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் பிய்த்துக்கொள்ளும். போன சீசனில் நாங்கள் மாற்றிய வால்வ்களில் பெரும்பாலானவை அப்படிப் போனவைதான்.

அவசரமாக விருந்தாளி வருகிறார்கள் என்றால் படிகாரம் போட்டு ஒரு ராத்திரி அசையாமல் விட்டு, அடியில் படிந்த கசடை வேக்குவம் பண்ணி ஃபில்டருக்குள் விடாமல் நேராக வெளியே தள்ளலாம். தண்ணீர் மட்டம் அரை அடி இறங்கும், பி.எச்.சும் கொஞ்சம் இறங்கும். அவசரமில்லை என்றால் வேண்டாம்.

மருந்து அறை பற்றி ஒன்றிரண்டு. ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது; இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு. டேப்லெட்டையும் ப்ளீச்சிங் பவுடர் வகையையும் ஒரே மக்கால் அள்ளாதீர்கள், ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகு மருந்து. மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது.

எப்போது இறங்கலாம்? சாயங்காலம் அளந்த குளோரின் விடியற்காலையில் 1 பிபிஎம்முக்கு மேல் குறையாமல் இருந்தால் பாசி முடிந்தது. ஆழமான பக்கத்து மெயின் டிரெய்ன் (தரையில் தண்ணீரை இழுக்கும் துளை) மூடியின் ஓட்டைகள் கரையில் நின்றால் தெரியவேண்டும், குளோரின் 5-க்குக் கீழே வரவேண்டும். அதுவரை கேட்டைப் பூட்டிவையுங்கள். பச்சைத் தண்ணீரில் குழந்தை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாது.

மொத்தத்தில் நான்கைந்து நாள் ஆகும். ஒரே நாளில் நீலமாக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் பையில் மயில்துத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூப்பிடும் முன் வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்புங்கள்: வெள்ளைத் தாளுக்கு முன்னால் பாட்டில், பிரஷர் கேஜ், வால்வ் கைப்பிடி நிற்கும் இடம். பாதிப்பேருக்கு ஆள் அனுப்பாமலே வழி சொல்லிவிடலாம். மழை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. பம்ப் ரூம் சாவியை மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். போன வாரம் நான்கு வீட்டில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

அன்புடன்,
உங்கள் பூல் சர்வீஸ் கடையிலிருந்து