இயற்கை மருத்துவ முகாம் நடத்துகிறவர் என்ன படித்தவர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகிற சாலையில் எங்கே பார்த்தாலும் இயற்கை மருத்துவ முகாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சர்க்கரை, சிறுநீரகம், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் மாத்திரை இல்லாமல் தீர்வாம். நடத்துகிறவர் என்ன படித்தவர் என்று நான் பார்த்த எந்த நோட்டீசிலும் இல்லை. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இயற்கை மருத்துவத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு நோட்டீசில் 'சித்தர்கள் அருளிய இயற்கை மருத்துவம்' என்று போட்டு, முகாமில் சூரணப் பொட்டலம் விற்கிறார்கள். சித்த மருத்துவம் வேறு, இது வேறு. மண், தண்ணீர், வெயில், உணவு, உபவாசம் இவைதான் இயற்கை மருத்துவத்தின் கருவிகள். உள்ளுக்கு மருந்து கொடுப்பது அதன் கொள்கைக்கே ஒத்துவராது. இந்த முறை உருவானது ஐரோப்பாவில். இன்று செக் நாட்டில் இருக்கும் கிராஃபன்பர்க்கில், ப்ரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி வீட்டு மகன் குளிர்ந்த நீரை வைத்து வைத்தியம் பார்த்தார். அப்புறம் ஜெர்மனியில் லூயி கூனே இடுப்புக் குளியலைப் பரப்பினார். கூனேயின் நூலை 1894இல் வெங்கடாசலபதி சர்மா தெலுங்கில் கொண்டுவந்தார். ஜெர்மனியின் இன்னொரு இயற்கை மருத்துவர் அடால்ஃப் யுஸ்ட் எழுதியதைப் படித்த காந்தி, மலச்சிக்கலுக்குத் தன் வயிற்றிலேயே மண்பட்டி போட்டுப் பார்த்தார். 1946இல் புனேவுக்குப் பக்கத்தில் உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையமும் தொடங்கினார். இத்தனை தெளிவான வரலாறு இருக்கும்போது சித்தர் பெயரை ஏன் இழுக்க வேண்டும்?

முறையாகச் செய்தால் இது எவ்வளவு பொறுமையான வேலை என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மூட்டுவலிக்காக நான் போகும் பெண் மருத்துவர், மேல்மண்ணைத் தொடவே மாட்டார். ஆழத்தில் தோண்டிய களிமண்ணை வெயிலில் காயவைத்து, சலித்து, கல்லும் வேரும் பொறுக்கி, முதல் நாள் இரவே ஊறவைக்கிறார். காலையில் அதை ஈரத்துணியில் செங்கல் கனத்துக்கு மடித்து, வெறும் வயிற்றில் தொப்புளுக்குக் கீழே வைப்பார். அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வாழை இலைக் குளியலுக்கு ராமாபுரம் பக்கத்திலிருந்து இலை வரும். உடம்பு முழுக்க இலையைச் சுற்றி, மூக்குக்கு மட்டும் வழிவிட்டு, இளவெயிலில் படுக்கவைப்பார். முன்னாலும் பின்னாலும் ரத்த அழுத்தம் பார்க்காமல் விடமாட்டார். இதய நோயாளி வந்தால் இலைக் குளியலே கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடுவார். என் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. அவருக்குச் சிறுநீரகம் பழுது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. ஒரு முகாமில் மாத்திரைகளை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் வாழைத்தண்டுச் சாறும் மாலையில் இளநீரும் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இரண்டும் நல்லதுதான். ஆனால் 100 மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். கைகால் சோர்ந்து விழுந்தவரை ராத்திரியோடு ராத்திரியாகப் புதுச்சேரி ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடனே டயாலிசிஸ் செய்ததால் பிழைத்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமலே சாறு சொன்னவரை இன்றுவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இயற்கை மருத்துவத்துக்கு ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே நடக்கிறது. அங்கே உடற்கூறும் உடலியங்கியலும் நோயறிதலும் படித்துத்தான் வெளியே வருகிறார்கள். ஆனால் 2020இல் வந்த இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, திபெத்திய முறையான சோவா ரிக்பா மட்டுமே இருக்கின்றன. இயற்கை மருத்துவம் அதில் சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் நாலு நாள் பயிற்சி எடுத்தவர்கூடப் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்கிறார். படித்தவர்களுக்கும் இதனால் கெட்ட பெயர்.

முகாமுக்கு மண்டபம் கொடுப்பவர்களும் அனுமதி கொடுப்பவர்களும் முதலில் பட்டத்தையும் பதிவு எண்ணையும் கேட்கட்டும். அதை நோட்டீசிலேயே அச்சிடச் சொல்லட்டும். முகாமில் இருக்கிற வைத்திய முறை எதுவானாலும், யாருடைய மாத்திரையையும் அங்கேயே நிறுத்தச் சொல்லக்கூடாது என்று மாவட்டச் சுகாதாரத் துறை எழுத்துமூலம் உத்தரவு போட வேண்டும். சாறு, உபவாசம் எதைத் தொடங்கும் முன்பும் சர்க்கரை, கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்த்தாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதினால், இந்த நோட்டீஸ்களை நம்பிப் போகிறவர்களில் பாதிப்பேராவது அங்கே போவார்கள். அங்கே காசும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.