பெயர் தெரியாத கதிரியல் டொக்டருக்கு

புதுக்குடியிருப்பில் முதல் பஸ் பிடித்து அக்காவை மமோகிராம், அதுதான் மார்பக எக்ஸ்ரே, எடுக்கக் கூட்டிப் போனேன். படம் தெளிவில்லை, பிறகு வாங்கோ என்றார்கள். கடைசி பஸ்ஸை யோசித்து நின்ற எங்களை நீங்கள்தான் கூப்பிட்டீர்கள் டொக்டர், எக்ஸ்ரே, ஸ்கான் படம் பார்த்து நோய் கண்டுபிடிக்கிற கதிரியல் படிக்கிற பயிற்சி டொக்டராம். அடர்த்தியான மார்புத் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, அதுதான் மறைக்குது அக்கா என்று பேனை முனையால் காட்டி, சாப்பாட்டையும் விட்டிட்டு அல்ட்ராசவுண்ட் செய்தீர்கள். குளிருமென்று ஜெல் போத்தலை உள்ளங்கைக்குள் உருட்டிச் சூடாக்கியதை அக்கா இன்னும் சொல்லுவா. கட்டி சின்னனிலேயே பிடிபட்டது.

1895இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரொன்ட்ஜன் பெயரில், உங்களைப்போலப் பயிற்சியில் இருக்கிறவர்களின் ஆய்வுக்கு அமெரிக்காவில் விருது இருக்காம். மேசையில் மார்புப் புற்றுநோய் ஆய்வுக் கோப்பு கிடந்ததே, அதற்கு ஏதும் விருது கிடைத்தால் வெடி கொளுத்துவது நாங்கள்தான். பெயர் கேட்க மறந்துபோனோம். தெரிந்தவர்கள் இதை அந்த டொக்டரிடம் காட்டுங்கோ.