ஆலை வாசலில் ஒட்ட வேண்டிய அறிவிப்பு

ஆசிரியருக்கு,

திவாலான ஆலைகளின் சம்பள பாக்கி பற்றிய செய்தி கண்டேன். 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு, கலைப்புக்கு (நிறுவனத்தை மூடிச் சொத்தை விற்றுக் கடன்களை அடைப்பது) முந்தைய 24 மாதத் தொழிலாளர் நிலுவையை, பிணையச் சொத்தைத் தானே விற்காமல் பொதுக் கலைப்புக்கு விட்டுக்கொடுத்த வங்கியின் கடனுக்குச் சமமாக வைக்கிறது. தொழிலாளர் அல்லாத மற்ற ஊழியர்களுக்கு 12 மாத நிலுவை, அதுவும் முன்னுரிமை வரிசையில் அடுத்த படியில். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), பணிக்கொடை நிதிகள் 36ஆம் பிரிவின்படி கலைப்புச் சொத்தில் சேராது. பணிக்கொடைக்கெனத் தனி நிதி ஒதுக்காத நிறுவனங்களில்தான் வழக்கு முளைக்கிறது.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. பணம் நழுவுவது நிலுவையைக் கேட்டுத் தரும் கோரிக்கை மனுவில். திவால் நடவடிக்கையின் தொடக்கத்தில் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்கும் இடைக்காலத் தீர்வு அதிகாரி நியமனமாகி 14 நாளுக்குள் 'டி' படிவம் தர வேண்டும். பலருக்குமாகச் சேர்த்து ஒரு பிரதிநிதி 'ஈ' படிவம் தரலாம். சம்பளச் சீட்டு இல்லையென்று பலர் விட்டுவிடுகிறார்கள். நியமன உத்தரவு, கடைசிச் சம்பளம் வரவான வங்கிக் கணக்குப் பக்கம், பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றை இணைத்தாலே கோரிக்கைக்கு வலு கிடைக்கும். பூட்டிய ஆலையின் வாசலில் வங்கியின் உடைமையேற்பு நோட்டீஸ் தவறாமல் இருக்கும். கோரிக்கை தரச் சொல்லும் அழைப்போ நாளிதழின் ஒரு மூலையோடும் இணையதளத்தோடும் சரி. அதைத் தமிழில் ஆலை வாசலில் ஒட்டவும், பி.எஃப். கணக்கிலுள்ள கைப்பேசி எண்களுக்குக் கடைசித் தேதியுடன் குறுஞ்செய்தி அனுப்பவும் விதியில் இடம் தர வேண்டும்.

– வாசகர், கோவை